ஐந்து மணி, 29 நிமிடம், 60 நொடி: ஓர் எண் எங்கிருந்தெல்லாம் வருகிறது?

2017 ஜனவரி 1, அதிகாலை. இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரம் 5:29:59 காட்டியது. அடுத்து வர வேண்டியது 5:30:00. வந்ததோ 5:29:60. ஒரு நொடி முழுக்க அப்படியே இருந்துவிட்டு அப்புறம்தான் 5:30 ஆனது. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் 61 நொடி.

இதற்கு லீப் நொடி என்று பெயர். இந்த ஏற்பாட்டை 2035-க்குள் நிறுத்தி வைக்கும் வகையில், எடையும் அளவும் பற்றிய உலக மாநாடு 2022 நவம்பரில் முடிவெடுத்தது. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: நிமிடத்துக்கு ஏன் 60 நொடி? நாளுக்கு 60 நாழிகை என்று நம் முன்னோர் வைத்ததும் இதுவும் ஒன்றா? தமிழ் வருடங்களும் 60, அமெரிக்க மின்சாரமும் 60 ஹெர்ட்ஸ், செல்போன் திரையும் 60 ஹெர்ட்ஸ். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டும் விளக்கங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவற்றில் பாதி சரி, பாதி தவறு. எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

பிரிப்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு 60-ஐப் பார்த்தால், அது எந்த அலகில் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அந்த அலகை மாற்றினால் 60 காணாமல் போகிறதா, அப்படியே நிற்கிறதா? இதை வைத்தால் மூன்று வகை கிடைக்கும்:

1. மனிதர்கள் எண்ணும் முறையாகத் தேர்ந்தெடுத்த 60. நிமிடம், நொடி, டிகிரி, நாழிகை இந்த வகை.
2. இரண்டு சுழற்சிகள் ஒன்றாகச் சேரும் இடத்தில் பிறந்த 60. வருட வட்டம் இந்த வகை.
3. வேறு ஒரு அலகின் மேல் தற்செயலாக வந்து உட்கார்ந்த 60. மின்சாரம் இந்த வகை.

## களிமண்ணில் எழுதிய எண்

முதல் வகையின் தாய்வீடு இன்றைய ஈராக். சுமேரியர்களும் அவர்களுக்குப் பின் வந்த பாபிலோனியர்களும் 60-ஐ அடியாக வைத்து எண்ணினார்கள். அடி என்றால் என்ன? நாம் 325 என்று எழுதும்போது 3 நூறு, 2 பத்து, 5 ஒன்று என்று படிக்கிறோம். ஒவ்வொரு இடமும் வலப்பக்கத்து இடத்தைவிடப் பத்து மடங்கு. அவர்களுக்கு ஒவ்வொரு இடமும் அறுபது மடங்கு. "1, 24" என்று இருந்தால் ஓர் அறுபதும் இருபத்து நாலும், அதாவது 84.

60-ஐ அடியாக வைத்தால் 59 வரை எழுத 59 குறிகள் வேண்டுமே என்று தோன்றும். அவர்கள் இரண்டே குறிகளை வைத்துச் சமாளித்தார்கள். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியைச் செங்குத்தாக அழுத்தினால் ஓர் ஆப்பு விழும், அது 1. சாய்த்து அழுத்தினால் ஒரு கோணம் விழும், அது 10. ஐந்து கோணமும் ஒன்பது ஆப்பும் சேர்ந்தால் 59. அதற்கடுத்த 60-க்குத் திரும்பவும் ஒரே ஓர் ஆப்பு, ஓர் இடம் தள்ளி. பூஜ்யத்துக்குக் குறி கிடையாது. வெற்று இடத்தைக் காட்டும் ஒரு குறி மிகவும் பிந்தி, பொ.மு. 300 வாக்கில்தான் வழக்கத்துக்கு வந்தது. அதுவரை ஓர் ஆப்பைப் பார்த்தால் அது 1-ஆ, 60-ஆ, 3600-ஆ என்பதைக் கணக்கின் போக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடையும் இப்படியே. 60 சேக்கல் ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குச் சேக்கலும் தாலந்தும் பழகிய சொற்கள்தான்.

ஏன் 60 என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஒரு கையின் நான்கு விரல்களில் உள்ள 12 கணுக்களை மறுகையின் ஐந்து விரல்களோடு பெருக்கினார்கள் என்பது பலரும் சொல்வது. அழகான விளக்கம்தான். ஆனால் அப்படித்தான் தொடங்கியது என்று எந்தக் களிமண் பலகையும் சொல்லவில்லை. என் பார்வையில் வலுவான காரணம் வகுபடுதல். 60-ஐ 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 ஆகியவை மீதி இல்லாமல் வகுக்கும். 1 முதல் 6 வரை எல்லாவற்றாலும் வகுபடும் எண்களில் மிகச் சிறியது இதுதான். நூறு மூட்டைத் தானியத்தை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் ஒரு மூட்டையை உடைக்க வேண்டும். அறுபது மூட்டை என்றால் ஆளுக்கு இருபது. நம் ஊர்க் கணக்கர்கள் இதே சிக்கலைக் கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களுக்கே பெயர் வைத்துத் தீர்த்தார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. பாபிலோனியர்கள் தீர்வை எண்முறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

அந்த முறையின் பலத்தைக் காட்ட ஒரே ஒரு பொருள் போதும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் ஒய்பிசி 7289 என்று எண்ணிட்ட, உள்ளங்கையில் அடங்கும் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. வயது ஏறக்குறைய 3,700 ஆண்டு. அதில் ஒரு சதுரமும் அதன் இரண்டு மூலைவிட்டங்களும் கீறப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் மேல் 30 என்ற எண். குறுக்கே 1, 24, 51, 10 என்று நான்கு இலக்கம். கணக்குப் போடுவோம்:

- 1
- 24-ஐ 60-ஆல் வகுத்தால் 0.4
- 51-ஐ 3,600-ஆல் வகுத்தால் 0.0141667
- 10-ஐ 2,16,000-ஆல் வகுத்தால் 0.0000463

கூட்டினால் 1.414213. இரண்டின் வர்க்கமூலம் 1.4142136. ஐந்து தசம இடம் வரை துல்லியம். அதன் கீழே அந்த எண்ணை 30-ஆல் பெருக்கிய விடையான 42, 25, 35 எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாணவர் போட்ட பாடக் கணக்காக இருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து.

## செகண்ட் என்ற பெயர் எப்படி வந்தது

பாபிலோன் அழிந்த பிறகும் அதன் 60 வானியலில் தங்கிவிட்டது. கிரேக்க வானியலாளர்கள் வட்டத்தை 360 டிகிரியாகப் பிரித்து, டிகிரியை அறுபது அறுபதாக உடைத்தார்கள். பொ.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமியின் வானியல் நூல் முழுக்க இந்தப் பின்னங்கள்தான். அரபு அறிஞர்கள் வழியாக அது லத்தீனுக்குப் போனபோது, முதல் உடைப்புக்கு "பார்ஸ் மினூட்டா ப்ரிமா", அதாவது முதல் சிறு பகுதி என்று பெயர். அதையும் அறுபதாக உடைத்தால் "பார்ஸ் மினூட்டா செகுண்டா", இரண்டாம் சிறு பகுதி. முன்னதிலிருந்து "மினிட்", பின்னதிலிருந்து "செகண்ட்". நாம் தினமும் சொல்லும் "ஒரு செகண்ட் இருங்க" என்பதற்குள் "இரண்டாவது முறை அறுபதால் வகுத்தது" என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த வானியல் அறிஞர் அல்பெரூனி இதோடு நிற்காமல் மூன்றாம், நான்காம் பகுதி வரை கணக்கிட்டார்.

அறிஞர்களின் ஏட்டில் இருந்த நிமிடம் சுவருக்கு வர, கடிகாரம் துல்லியமாக வேண்டியிருந்தது. 1656-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகுதான் நிமிட முள்ளுக்கு அர்த்தம் வந்தது.

60-ஐத் தூக்கி எறிய ஒரு பெரிய முயற்சியும் நடந்தது. மீட்டரும் கிலோகிராமும் பிறந்த அதே பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793-இல் நேரத்தையும் பத்தாக மாற்றச் சட்டம் போட்டார்கள். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 நொடி. நாளுக்கு ஒரு லட்சம் நொடி வருவதால் அந்த நொடி நம் நொடியில் 0.864 பங்குதான். 1795 ஏப்ரலில் இதை நிறுத்திவைத்தார்கள். மீட்டர் வென்றது, பத்து மணிக் கடிகாரம் தோற்றது. எடைக்கும் நீளத்துக்கும் ஊருக்கு ஊர் வேறு அளவு இருந்ததால் பொது அளவு ஒன்று தேவைப்பட்டது. நேரத்தில் அந்தத் தொல்லை இல்லை, எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரே அளவுதான். மாற்றினால் கிடைப்பது குறைவு, செலவோ எல்லாக் கடிகாரங்களும்.

## புள்ளி வைக்கும் இடத்தில் வரும் தவறு

பத்தை அடியாக வைத்து எழுதும் நாம், அறுபதை அடியாகக் கொண்ட நேரத்தையும் கோணத்தையும் அதே தாளில் எழுதுகிறோம். தவறு நடப்பது அங்கேதான்.

1. வேலை நேரம். 7 மணி 45 நிமிடத்தை 7.45 என்று எக்செல்லில் அடித்து மணிக்கூலியால் பெருக்கினால், 18 நிமிடக் கூலி காணாமல் போகும். சரியான எண் 7.75. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். 19.4 ஓவர் என்றால் 19 ஓவரும் 4 பந்தும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை, ஆறில் எண்ணுவது.

2. கடல் எல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், காரணம் இதில் உயிரும் படகும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. பாக் நீரிணையில் இந்தியா, இலங்கை இடையிலான கடல் எல்லையை 1974 ஒப்பந்தம் ஆறு புள்ளிகளால் வரையறுக்கிறது. எல்லாம் டிகிரி, நிமிடக் கணக்கில். முதல் புள்ளியின் அட்சரேகை வடக்கு 10 டிகிரி 5 நிமிடம். இதை 10.05 டிகிரி என்று ஜிபிஎஸ் கருவியில் ஏற்றினால் என்ன ஆகும்? 5 நிமிடம் என்பது 60-இல் 5, அதாவது 0.0833. ஆக 10.0833 என்று இருக்க வேண்டிய இடத்தில் 10.05 நிற்கிறது. வித்தியாசம் 2 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பதுதான் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். ஆகவே புள்ளி 3.7 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய்விடும். டிகிரியும் தசமமும், டிகிரியும் தசம நிமிடமும், டிகிரி-நிமிடம்-நொடி என்று ஜிபிஎஸ் கருவிகளில் மூன்று விதக் காட்சி முறை உண்டு. எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்காமல் அடுத்தவர் சொன்ன எண்ணை ஏற்றுவது ஆபத்து.

3. கணினிக் கோப்பு. மென்பொருள் அமைப்புகளை எழுதப் பயன்படும் யாமெல் என்ற வடிவத்தின் 1.1 பதிப்பில், 22:22 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது 60-ஐ அடியாகக் கொண்ட எண்ணாகப் படிக்கப்பட்டது. 22-ஐ 60-ஆல் பெருக்கி 22-ஐக் கூட்டினால் 1342. போர்ட் எண்களை, அதாவது கணினி இணைப்பு வாசல்களின் எண்களை, இப்படி எழுதிவிட்டு, கணினி ஏன் 1342 என்கிறது என்று திகைத்துப்போன நிரலாளர்கள் உண்டு. டாக்கர் கம்போஸ் என்ற மென்பொருளின் கையேட்டிலேயே இதற்கு எச்சரிக்கை எழுதினார்கள். 2009-இல் வந்த 1.2 பதிப்பில் இந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் அட்டையையும் இங்கே சேர்க்கலாம். 6/6 வரியில் உள்ள எழுத்து, 6 மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணில் 5 நிமிடக் கோணத்தில் விழும்படி அளந்து அச்சிடப்படுகிறது. எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு நிமிடம், அதாவது டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. இது பாபிலோன் வழி வந்த 60. அதே அட்டையின் உச்சியில் இருக்கும் பெரிய எழுத்துக்கு 6/60 என்று பெயர். இந்த 60 வேறு. நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று பொருள். அடியில் அளக்கும் அமெரிக்காவில் இதே பார்வை 20/200 ஆகிவிடும். அலகை மாற்றியதும் 60 மறைந்துவிட்டது. ஒரே சுவரில், ஒரே அட்டையில், சம்பந்தமே இல்லாத இரண்டு 60.

## நாழிகை, விநாடி

இந்திய மரபில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி. நாழிகையை 60-ஆகப் பிரித்தால் விநாடி. இன்று செகண்டுக்கு விநாடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பஞ்சாங்கத்தின் விநாடி 24 செகண்ட். வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரம் நாழிகை, விநாடியில் இருப்பதைப் பார்த்து மணி, நிமிடம் என்று எண்ணினாலும் தவறு, நிமிடம், செகண்ட் என்று எண்ணினாலும் தவறு. அந்த எண்கள் சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரையில் செகண்டை நொடி என்று எழுதியிருக்கிறேன்.

கதைகளில் வரும் "மூணே முக்கால் நாழிகை" எங்கிருந்து வந்தது என்றும் இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பகல் 30 நாழிகை. அதை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை, சரியாக ஒன்றரை மணி நேரம். ராகு காலத்தின் நீளம் அதுதான்.

அளப்பதற்கு நாழிகை வட்டில் இருந்தது. நீரால் பொழுதை அளக்கும் குறுநீர்க்கன்னல் முல்லைப்பாட்டில் வருகிறது. அரசனின் பாசறையில் நேரம் பார்த்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

சரி, இந்த 60 பாபிலோனிலிருந்து வந்ததா? பழைய வடமொழி வானியல் நூலான வேதாங்க ஜோதிடத்திலேயே நாளின் 60 பிரிவு இருக்கிறது. அதில் மெசபடோமியத் தாக்கம் உண்டு என்று டேவிட் பிங்கிரி போன்ற வரலாற்றாளர்கள் வாதிட்டார்கள், மறுத்தவர்களும் உண்டு. நாள், மாதம், கோணம் எல்லாவற்றையும் பங்கு போட வேண்டிய யாருக்கும் 60 கைகொடுக்கும் என்பதால், இரண்டு ஊரில் தனித்தனியாகவும் அது பிறந்திருக்க முடியும். எண் ஒன்றாக இருப்பது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது.

## பிரபவ முதல் அட்சய வரை

வருட வட்டம் முற்றிலும் வேறு கதை. இங்கே 60 யாரும் வசதிக்காகத் தேர்ந்தெடுத்தது இல்லை, வானத்தில் இரண்டு சுற்றுகள் சேரும் இடம். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு, சனி சுற்ற 29.46 ஆண்டு. வியாழன் ஐந்து சுற்று முடித்தால் 59.3, சனி இரண்டு சுற்று முடித்தால் 58.9. இரண்டும் வானில் சேர்ந்து தெரிவது ஏறக்குறைய 19.86 ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2020 டிசம்பர் 21 அன்று மாலை மேற்கு வானில் ஒட்டினாற்போலத் தெரிந்தன. மூன்று சேர்க்கை முடிந்தால் 59.6 ஆண்டு, ஏறத்தாழ அதே ராசிப் பகுதிக்குத் திரும்பிவிடும். இதைத்தான் முழுமையாக்கி 60 என்று வைத்துக்கொள்கிறோம்.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு விளைவு உண்டு. வியாழன் ஒரு ராசியைக் கடக்கச் சராசரியாக எடுப்பது 361 நாள், சூரிய ஆண்டைவிட நான்கு நாளுக்கு மேல் குறைவு. வட இந்திய முறை வியாழனோடு போவதால் சுமார் 85 ஆண்டுக்கு ஒரு பெயரைத் தாண்டிவிடும். தென்னிந்தியாவில் அந்தத் தாண்டலை விட்டுவிட்டு, ஒவ்வொரு சூரிய ஆண்டுக்கும் வரிசையாகப் பெயர் கொடுக்கிறோம். அதனால்தான் ஒரே ஆண்டுக்கு வடக்கே ஒரு பெயரும் இங்கே ஒரு பெயரும் இருக்கின்றன.

சீனாவின் 60 இன்னும் சுவையானது. பத்துக் குறிகள் ஒரு வரிசை, பன்னிரண்டு குறிகள் ஒரு வரிசை. பத்துப் பல் கொண்ட சக்கரமும் பன்னிரண்டு பல் கொண்ட சக்கரமும் சேர்ந்து சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய ஜோடி மறுபடி சந்திப்பது 60-ஆவது நகர்வில். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷாங் காலத்து எலும்புப் பொறிப்புகளில் இதை வைத்து நாட்களை எண்ணினார்கள். ஆண்டுகளை எண்ணுவது பிறகு வந்தது. 1911 புரட்சியைச் சீனர்கள் இன்றும் அந்த வட்டத்தின் பெயரால் சின்ஹாய் புரட்சி என்கிறார்கள்.

வட்டம் முடிவது மனித வாழ்க்கையில் ஒரு முறை நடக்கும் விஷயம் என்பதால் அதற்கு மதிப்பு கூடியது. 1966 சித்திரையில் பிறந்தது பராபவ வருடம், அதே பெயர் 2026 சித்திரையில் திரும்புகிறது. பிறந்த வருடத்தின் பெயரை மறுபடி பார்ப்பவருக்குத்தான் அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் மாலையோடு நிற்கும் தம்பதிகளையும், ஜப்பானில் 60 வயதில் சிவப்பு மேலாடை அணிந்து அமரும் பெரியவர்களையும் இணைப்பது இந்த வட்டம்தான்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று தெரியாது. "தாது வருஷப் பஞ்சம்" என்று பாட்டி காலத்துப் பேச்சில் வருவது 1876-இல் தொடங்கிய கொடும் பஞ்சம். ஆனால் 1936-உம் தாது, 1996-உம் தாது. ஓலையிலோ கல்லிலோ வருடப் பெயர் மட்டும் கிடைத்தால், அரசன் பெயர், கிழமை, நட்சத்திரம், சக ஆண்டு ஆகியவற்றை வைத்துத்தான் சுற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கணினிகளை மிரட்டிய சிக்கலும் இதுவே. ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்தால் 1900-க்கும் 2000-க்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே வட்டம் 100, இங்கே 60.

## 60 ஹெர்ட்ஸ் வேறு குடும்பம்

மாறுதிசை மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை முழுச் சுற்று வருகிறது என்பதே ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60, இந்தியாவில் 50. இந்த 60-க்கு ஆன்மிகப் பொருள் கற்பிப்பவர்கள் அது எப்படித் தேர்வானது என்று பார்த்தால் போதும். சுற்று மெதுவாக இருந்தால் விளக்கு மினுக்கும், வேகமாக இருந்தால் மோட்டாருக்கும் நெடுந்தூரக் கம்பிக்கும் தொல்லை. 1890-களில் 25, 40, 133 என்று பல எண்களை முயன்றார்கள். நயாகரா நீர்மின் நிலையம் 25-இல் ஓடியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 60-ஐப் பிடித்தது, ஜெர்மனியின் ஏஇஜி 50-ஐ. அன்றைய பொறியாளர்கள் நிமிடத்துக்கு எத்தனை திசைமாற்றம் என்றுதான் எண்ணினார்கள். அவர்கள் தாளில் இருந்த எண் 7,200. நொடிக்கு எத்தனை சுற்று என்று மாற்றி எழுதியபோதுதான் 60 வெளியே வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் நொடி வென்றிருந்தால் அமெரிக்க மின்சாரம் இன்று 51.84, நம்முடையது 43.2.

நாடு முழுக்க ஒரே எண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் காட்டுகிறது. 1895-இல் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, அடுத்த ஆண்டு ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. இன்றும் கிழக்கு 50, மேற்கு 60. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் கிழக்கே மின்நிலையங்கள் நின்றபோது, மேற்கிலிருந்து அனுப்ப அலைவெண் மாற்றும் நிலையங்களின் வழியாகத்தான் முடிந்தது. அவற்றின் மொத்தத் திறன் ஏறக்குறைய பத்து லட்சம் கிலோவாட்தான். டோக்கியோ முறைபோட்டு மின்வெட்டு அனுபவித்தது.

வீட்டிலும் இது தெரியும். மின் அலைவெண்ணை வைத்து ஓடும் அமெரிக்கக் கடிகாரத்தை இங்கே மாட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். வீடியோ எடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், கேமரா அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 50 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நம் ஊர் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது, கேமராவின் வேகம் அதோடு பொருந்த வேண்டும். செல்போன் திரையின் 60-உம் அமெரிக்க மின்சாரத்திலிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து கணினிக்கும் வந்த வழக்கம்தான்.

அலகே இல்லாத ஒரு 60-ஐயும் சொல்லிவிட வேண்டும். 1985-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1996-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கார்பன்-60 மூலக்கூறு, கால்பந்தின் தையல் வடிவம். பன்னிரண்டு ஐங்கோணம், ஒவ்வொன்றிலும் ஐந்து மூலை, மூலைக்கு ஓர் அணு. எந்த அலகில் அளந்தாலும் அணுக்கள் 60 தான். விரல் கணுக் கதையின் 12 பெருக்கல் 5 இங்கேயும் வருகிறதே என்று தோன்றலாம். பெருக்கல் ஒன்று, காரணம் வேறு.

## மறுபடியும் அந்த 60-ஆவது நொடி

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். 24-ஐ 60-ஆலும் மறுபடி 60-ஆலும் பெருக்கினால் 86,400. நொடி என்பது நாளில் 86,400-இல் ஒரு பங்கு என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 1967-இல் அதைப் பூமியிடமிருந்து பிரித்து அணுவிடம் கொடுத்தார்கள். சீசியம்-133 அணுவின் கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அதிரும் நேரம் ஒரு நொடி. அணு தவறாது, பூமி தவறும். பூமியின் ஒரு சுற்று 86,400 அணு நொடியைவிட ஒரு மில்லிநொடி கூடுதலாக இருந்தாலும், ஆயிரம் நாளில் ஒரு நொடி சேர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட 1972 முதல் 2016 இறுதி வரை 27 லீப் நொடிகளைச் சேர்த்தார்கள்.

கணினிக்கு இது ஏன் கஷ்டம்?

1. பெரும்பாலான கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணுகின்றன, ஒரு நாளுக்குச் சரியாக 86,400 என்று வைத்து. 60-ஆவது நொடிக்கு அந்த வரிசையில் எண்ணே கிடையாது. ஒரே எண்ணை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.
2. மொழிகளே ஒத்துப்போகவில்லை. சி மொழியின் 1989 தரம் நொடிக்கு 0 முதல் 61 வரை இடம் தந்தது, 1999 தரம் அதை 60 ஆக்கியது. பைத்தானின் தேதி-நேர வகை 59-க்கு மேல் ஏற்காது.
3. நேரம் பின்னோக்கிப் போகாது என்று நம்பி எழுதிய நிரல் எங்கும் இருக்கிறது.

2012 ஜூலை 1 அன்று, இந்திய நேரம் 5:30-ஐ ஒட்டி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில் இருந்த ஒரு பிழையால் உலகெங்கும் பல சர்வர்களில் பிராசசர் முழு வேகத்தில் வெறுமனே சுழன்றது. ரெட்டிட் தளம் விழுந்தது, குவாண்டாஸ் விமானப் பயணிகள் செக்-இன் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். பல இடங்களில் மருந்து எளிமையாக இருந்தது: கணினியின் நேரத்தை மறுபடி அதே நேரமாக அமைத்தார்கள், சுழற்சி நின்றது. 2017-இன் அந்த 5:29:60-இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின், தளப் பெயரை வைத்து முகவரி தேடித்தரும் சேவையில் ஒரு பகுதி தடுமாறியது. இரண்டு நேரங்களின் வித்தியாசம் கழித்தல் எண்ணாக வந்ததை அந்த நிரல் எதிர்பார்க்கவில்லை. கூகுள் வேறு வழி பிடித்தது. கூடுதல் நொடியைப் பல மணி நேரத்துக்கு மெல்லப் பரப்பி, 60-ஆவது நொடியே தன் கணினிகளில் தோன்றாமல் பார்த்துக்கொண்டது.

2022 முடிவின் பொருள் இதுதான்: அணு நேரத்துக்கும் பூமிக்கும் இடையில் இப்போது 0.9 நொடிக்குள் இருக்க வேண்டிய வித்தியாசத்தின் வரம்பை 2035-க்குள் உயர்த்துவது. பூமி சில நொடிகள் விலகினாலும் கடிகாரத்தைத் தொட மாட்டார்கள். பஞ்சாங்கக் கணக்குக்கோ தொழுகை நேரத்துக்கோ சூரிய உதயத்துக்கோ இதனால் நம் வாழ்நாளில் தெரியும்படி எதுவும் மாறாது.

அதுவரை இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் பூமி கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதால், நொடியைச் சேர்ப்பதற்குப் பதிலாக ஒன்றை எடுக்க வேண்டி வரலாம். துருவப் பனி உருகி நீர் நிலநடுக்கோட்டை நோக்கிப் பரவுவது பூமியைச் சற்று மெதுவாக்கி, அந்தத் தேவையைத் தள்ளிப்போட்டிருக்கிறது என்று 2024-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வந்தால், இந்தியக் கடிகாரம் 5:29:58-க்கு அடுத்து நேராக 5:30:00-க்குத் தாவும். 61 நொடி நிமிடத்தை 27 முறை பார்த்த கணினிகள், 59 நொடியில் முடியும் நிமிடத்தை இன்னும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.